பத்ருன்னிசா ரிஜெக்ட் செய்த கண்

நெருப்பெரிச்சல் ஊரில் உள்ள பனியன் கம்பெனியில் பத்ருன்னிசாவுக்குப் பக்கத்து டேபிளில் நின்று, தைத்து வந்த துணியில் குறை தேடும் செக்கிங் பார்ப்பது பெரிய தொல்லை. அவள் கையும் ஓயாது, வாயும் ஓயாது. டீ குடிக்கும்போதுகூட எதிரில் நிற்பவர் சட்டையில் தையல் விட்டிருக்கிறதா என்று பார்ப்பாள். என் கல்யாணப் புடவையிலேயே குறை கண்டுபிடித்த மகராசி.

அவள் மகள் ரைசாவுக்கு இருபத்திரண்டு வயது. பார்வை ஓரத்திலிருந்து சுருங்கிக்கொண்டே வருகிறது. பிறவிக் கோளாறு, மருந்து இல்லை என்று டாக்டர்கள் கைவிரித்துவிட்டார்கள். கோவையில் ஓர் ஆய்வுக்கூடத்தில் அவளுடைய ரத்தத்தை வாங்கி, அதன் செல்களை எந்த உறுப்பாகவும் வளரக்கூடிய ஸ்டெம் செல்களாக மாற்றி, விழித்திரைத் திசுவைக் கிண்ணத்தில் வளர்த்தார்கள். மகளுக்கு மாற்றுக் கண் தயாராகிறது என்றாள் பத்ருன்னிசா. நானும் நம்பினேன்.

ஒரு நாள் காலையில் ரைசாவின் போனுக்குப் படம் வந்தது. வெளிறிய திசுவுக்குள் கால் முளைத்த பச்சைப் புள்ளிகள். வெள்ளைத் துணியில் வேறு நிற இழை கலந்து வந்தால் எங்களுக்கு ஒரே தீர்ப்புதான், ரிஜெக்ட். ரைசா குளிக்கப் போன நேரத்தில் பத்ருன்னிசா அந்தப் போனிலேயே ஆய்வுக்கூடத்துக்கு, "இதுல கலப்பு இருக்குதுங்க. தூக்கிப் போட்டுட்டு வேற வளத்துங்க" என்று பேசி அனுப்பிவிட்டாள். வேலைக்கு வந்து அதை என்னிடம் பெருமையாக வேறு சொன்னாள்.

"ஏம்புள்ள, அது என்னன்னு ஒரு வார்த்தை கேட்டயா?" என்றேன்.

அதன்பின் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஆய்வுக்கூடத்து நம்பர் ரைசாவின் போனில்தான் இருந்தது. மகளிடம் கேட்கப் பயம். லீவு சொல்லிவிட்டு என்னையும் இழுத்துக்கொண்டு பஸ் ஏறினாள். கோவை போய்ச் சேரும்வரை எழுந்து எழுந்து உட்கார்ந்தாள்.

ஆய்வுக்கூடத்தில் அனுசுயா என்ற பெண் எங்களிடம் பேசினார். "அது கலப்பு இல்லீங்க. ரைசாவோட அதே ஸ்டெம் செல்லுல இருந்து தனியா வளத்து உள்ள விட்ட நோய் எதிர்ப்பு செல்லுங்க. அடையாளம் தெரியட்டும்னு பச்சையா ஒளிர வெச்சிருக்கோம். கண்ணுல செத்துப்போன செல்லைத் தின்னு சுத்தம் பண்றது அதுதானுங்க. இப்படிக் குடியேறிக் கால் விரிக்கணும்னுதான் மாசக்கணக்கா காத்துட்டிருந்தோம்."

"தூக்கிப் போட்டுட்டீங்களா?" என்று முந்திக்கொண்டு கேட்டாள் பத்ருன்னிசா.

"இல்லீங்க. ரைசா சொல்லாமப் போட மாட்டோம். கேட்டோம், வெச்சுக்கச் சொல்லிட்டாங்க."

அவளுக்கு உயிர் வந்தது. "அப்ப எப்பங்க கண்ணுல வெப்பீங்க?"

அனுசுயா தயங்கினார். "வெக்க முடியாதுங்க, இது ஆராய்ச்சிக்கு வளத்ததுங்க. இந்த செல்லுங்க உசுரோட இருக்கற செல்லையும் திங்குதான்னு பாக்கறோம். தெரிஞ்சா, பின்னால வர்றவங்களுக்கு மருந்து தேடலாம். ரைசாகிட்ட முதல் நாளே சொல்லிட்டோமுங்க."

வீட்டுக்கு வந்ததும் பத்ருன்னிசா செருப்பைக்கூடக் கழற்றாமல் மகள் முன்னால் போய் நின்றாள். "தெரிஞ்சேதான் ரத்தம் குடுத்தயா? எங்கிட்ட ஏன் சொல்லல?"

"கண்ணு வந்துரும்னு நெனச்சு, ரத்தம் குடுத்த அன்னைக்குத்தாம்மா நீ நல்லாத் தூங்குனே," என்றாள் ரைசா.