தலைச்சீராவின் உட்பக்கத்துப் பெயர்

எழுபதுகளின் தொடக்கத்தில், ஒரு தவக்காலத்தில், செருமானியப் போர்வீரனின் தலைச்சீரா ஒன்று, போர்க்காலத் தலைக்கவசம், சாக்கில் சுற்றப்பட்டு என் வீட்டுக்கு வந்தது. அது திரும்பிச் செல்லும்வரை எனக்கு நிலைகொள்ளவில்லை.

கொண்டுவந்தவர் கொழும்புக்குச் சரக்கேற்றிச் செல்லும் பாய்மரத் தோணியின் தலைவர்; தூத்துக்குடி வழக்கில் தண்டல். நான் அங்கே கல்லூரியில் தமிழ் பயிற்றிவந்தேன். செருமானியச் சமயப் பணியாளர் நம் மொழியைப் பற்றி எழுதியவற்றை அவர்தம் மொழியிலேயே படிக்க விழைந்து, தட்டுத்தடுமாறி அதனைக் கற்றிருந்தேன். அச்செய்தி எவ்வாறோ கடற்கரைத் தெருவை எட்டியிருந்தது.

சாக்கை அவிழ்த்தார். கறுத்த தோல்; நெற்றியில் பித்தளைக் கழுகு; உச்சியில் கூர்முனை. என் மனைவி உள்ளிருந்து எட்டிப்பார்த்தாள்.

“பாத்தா கோயில் கலசம் மாதிரி இருக்கு. வாடை மட்டும் மீன் வாடையில்லா அடிக்கு.”

“சுறா எண்ணெய்ம்மா. தோலு வெடிச்சிரக் கூடாதுன்னு வருசந்தோறும் தேய்ப்போம். பித்தளைக்குப் புளி.”

அவர்கள் கோயிலில் ஆண்டுதோறும் இயேசுவின் பாடுகளை நடிக்கும் பாஸ்கு நாடகம் உண்டு. அதில் சிலுவையடியில் நிற்கும் உரோமைப் படையின் நூற்றுவர் தலைவன் வேடம் இவர் குடும்பத்துக்கு உரியது. இவருடைய தந்தை கொழும்பில் ஒரு பழம்பொருட் கடையில் இதனைக் கண்டு, கழுகு உரோமையின் சின்னம் அன்றோ என்று உரோமானியத் தலைச்சீராவாகவே கருதி வாங்கிவந்துவிட்டார். ஊரும் அவ்வாறே கருதியது. தந்தைக்குப் பின் மகன் அணிந்தார். அவ்வாண்டு புதிதாக வந்த இளங்குருவானவரோ, இது செருமானியக் கழுகு என்று கண்டுகொண்டார். இட்லரின் படைஞன் அணிந்ததாயின் சிலுவையடிக்கு வரலாகாது; அதற்கு முந்தியது என்று காட்டினால் தடையில்லை என்று சொல்லிவிட்டார்.

“தகரத்துல ஒண்ணு செஞ்சு தாரேன்னு சாமி சொல்லுதாரு,” என்றார் தண்டல். “எங்கப்பாவ நெனச்சுத்தான் நான் வேசம் கட்டுததே. தகரத்த மாட்டிக்கிட்டு அங்கன நான் யாரா நிக்க? உள்ள ஏதோ எழுதியிருக்கு. பாத்துச் சொல்லுங்க சார்.”

சன்னல் வெளிச்சத்தில் கவிழ்த்துப் பார்த்தேன். உட்குழிவில் பொன்பூச்சு மங்கிய முத்திரை இருந்தது. செருமானியரின் பழைய முறுக்கெழுத்தில் ஓர் ஆள்பெயர், செய்தவருடையது. அதன்கீழ் ‘போசன்’ என்னும் ஊர்ப்பெயர். முதற்போருக்குப் பின் அவ்வூர் செருமானியரிடமிருந்து போலந்துக்குப் போய்விட்டது என்பது நினைவுக்கு வந்தது. ஆகவே இது பழையது என்று சொல்ல வாயெடுத்தேன். மறுகணமே நாக்கை அடக்கிக்கொண்டேன். இட்லர் அவ்வூரை மீண்டும் பறித்துக்கொண்டவன் ஆயிற்றே.

கீழே இன்னொரு வரி உண்டு. அதன் எழுத்துகளின் தலைகள் மட்டுமே தெரிந்தன. மற்றதைத் தடித்த பாய்த்துணி உறை மூடியிருந்தது.

“இந்தத் தையலைப் பிரித்தால் படிக்கலாம்.”

“அது எங்கப்பா தச்சது சார்,” என்று எழுந்துவிட்டார். தலைச்சீராவை மட்டும் என்னிடமே விட்டுச் சென்றார்.

அதன்பின் எனக்கு அமைதி இல்லை. வகுப்பில் குறுந்தொகைக்கு உரை சொல்லும்போதும் அம்மூன்றாம் வரியே கண்முன் நின்றது. மேசைமேல் இருந்ததை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். பிரித்துப் பார்த்து அது இட்லர் காலத்தது என்று தெரிந்தால், தையலும் போய் வேடமும் போகும். நாடகம் நடக்கும் பெரிய வெள்ளி நெருங்கிக்கொண்டிருந்தது.

அதற்கு முந்தைய குருத்து ஞாயிறன்று மாலை தம் மைத்துனரை அழைத்துக்கொண்டு தண்டல் வந்தார். தலைச்சீராவை மடியில் வைத்துக்கொண்டு நெடுநேரம் தடவிக்கொண்டிருந்தார்.

“கழுத்தவா அறுக்கச் சொல்லுதாக? நாலு தையலு,” என்றார் மைத்துனர். “ஒங்கப்பா மேலருந்து பாத்துச் சிரிப்பாரு. ஏலே, இத்தன நாளா செருமன்காரன் தொப்பியவா சுமந்தோம்னு.”

தண்டல் சிரிக்கவில்லை. இடுப்புக் கத்தியை எடுத்துத் தாமே பிரித்தார். நான் குனிந்து படித்தேன்: அரசரின் அவைக்குப் பொருள் வழங்குவோர்.

“அரசர்,” என்றேன். “அவர்களுடைய அரசர் முதற்போரோடு முடிதுறந்தார். இட்லர் நாளில் அரசரும் இல்லை, அவையும் இல்லை.”

மூவருமாகக் குருவானவரிடம் சென்றோம். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். என் விளக்கத்தை மறுமுறையும் சொல்லச் செய்தார். “சரி, வரட்டும். கழுகு மேல மட்டும் ஒரு துணியச் சுத்திக்கிடுங்க,” என்றார்.

திரும்பும் வழியில் தண்டல் கேட்டார்: “மேல ஒரு பேரு படிச்சியளே, அதத் திரும்பச் சொல்லுங்க. அவன் ஆத்துமாவுக்குப் பூசை வைக்கணும். சண்டையில செத்த பய. அவன் தல இதுக்குள்ளல்லா இருந்திருக்கு.”

“அது அணிந்தவர் பெயர் அன்று. செய்தவர் பெயர்.”

“எங்க தோணியில துணியில பேரு இருந்தா, போட்டவன் பேருதான்.”

“இது கடைக்காரர் முத்திரை.”

“செஞ்சவனும் இந்நேரம் போய்ச் சேந்திருப்பான்லா? போட்டவன் பேரு ஒங்களுக்குத் தெரியுமா?”

“தெரியாது.”

“அப்பத் தெரிஞ்ச பேருக்கு வைப்போம். அவன் மத்தவன்ட்ட சொல்லிக்கிடுவான்.”

பெரிய வெள்ளியன்று கூட்டத்தின் ஓரத்தில் நின்று பார்த்தேன். கழுகின்மேல் சிவப்புத் துணி; உள்ளே, நான் அறிவேன், தந்தையின் தையற்றுளைகள் வழியாகவே மகன் கோத்த புதுநூல். சிலுவையடியில் அவர் மண்டியிட்டுத் தலைச்சீராவைக் கழற்றியபோது கூட்டம் அடங்கியது. எனக்கு மட்டும் மனம் அடங்கவில்லை. முடி துறந்த அரசர் பெருமையைக் கடைக்காரர் பின்னரும் அச்சிட்டுக்கொண்டிருந்தால் என் செய்வது என்று அப்போதுதான் தோன்றிற்று. அதனை யாரிடமும் சொல்லவில்லை.

உயிர்ப்புப் பெருவிழாவுக்குப் பின் பூசை. அப்பெயரை ஒலிக்கும் முறையைக் குருவானவருக்குச் சொல்லித்தர, சைவனாகிய நானும் சென்றிருந்தேன். பலமுறை சொல்லிப் பார்த்தும் பீடத்தில் நின்றபோது அவர் நா இடறியது. முன்வரிசையிலிருந்து தண்டல் எழுந்து, பிழையின்றி அதைச் சொல்லிவிட்டு அமர்ந்தார்.