சிவாஜிநகரில் நான் ஊமையான நாள்

பெங்களூருக்குக் குடிவந்த முதல் வாரத்திலேயே எங்கள் வீட்டுக்கு ஒரு சட்டம் அறிவிக்கப்பட்டது. நாங்கள் இருந்த ஜோகுபாளையத்துக்குள் எவ்வளவு வேண்டுமானாலும் தமிழ் பேசலாம். மெயின் ரோட்டுக்குப் போய் பஸ் ஏறிவிட்டால் வாயைத் திறக்கக் கூடாது. சட்டம் போட்டவர் அம்மாவின் அண்ணன், என் மாமா.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. அப்பாவுக்கு ஒயிட்ஃபீல்டு பக்கம் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்து, வாணியம்பாடியிலிருந்து வந்து மாமா வீட்டுக்குப் பின்சந்தில் வாடகைக்கு இருந்தோம். எனக்கு எட்டு வயது. மாமா அந்த ஊரில் பல வருடங்களாக இருப்பவர். சாம்ராஜ்பேட்டையில் ஒரு பிரஸ்ஸில் பைண்டிங் வேலை. நாங்கள் வருவதற்குச் சில வருடங்கள் முன்னால் காவிரித் தண்ணீர்த் தகராறில் ஊர் கலவரப்பட்டபோது, அவர் வீடு திரும்ப முடியாமல் பிரஸ்ஸிலேயே பேப்பர் கட்டுகளுக்குப் பின்னால் சில நாள் படுத்துக் கிடந்தார் என்று அத்தை ஒருமுறை அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த நாட்களில் அவருக்குச் சோறு கொண்டுவந்து கொடுத்ததும் அவருடன் வேலை செய்த ஒரு கன்னடக்காரர்தானாம். மாமா இதைப் பற்றி வாயே திறந்ததில்லை. கேட்டுக்கொண்டிருந்த எனக்கும் அது பெரிய விஷயமாகப் படவில்லை. ஒளிந்து விளையாட நல்ல இடம் என்று நினைத்துக்கொண்டேன்.

மாமாவின் கணக்கில் ஊர் இரண்டு பங்காக இருந்தது. அல்சூர் ஏரி வரை நம் இடம். அதைத் தாண்டினால் மெஜஸ்டிக், மார்க்கெட், சிவாஜிநகர் என்று எல்லாமே ஆபத்து. அங்கே சட்டைப்பையில் எதையும் வைக்கக் கூடாது. பையை முதுகுப் பக்கம் விடக் கூடாது, நெஞ்சோடு அணைத்துப் பிடிக்க வேண்டும். யாராவது பிஸ்கட் கொடுத்தால் வாங்கக் கூடாது. அதில் மருந்து தடவியிருப்பார்கள். எல்லாவற்றையும்விட முக்கியமானது பேச்சு.

“அங்க ஒருத்தன் உங்கிட்ட தமிழ்ல பேசினா இன்னும் உஷாரா இருக்கணும் பாப்பு,” என்றார் ஒருநாள். “நம்மள ஆழம் பாக்கறதுக்குன்னே பேசுவாங்க.”

“யாரு மாமா?”

“யாரோ. மூஞ்சில எழுதியா ஒட்டியிருக்கும்?”

அப்பா இதைக் கேட்டுச் சிரிப்பார். அம்மா சிரிக்க மாட்டாள். அண்ணன் சொன்னால் காரணம் இருக்கும் என்பது அவள் கட்சி. நானும் அம்மாவின் கட்சிதான். எட்டு வயதில் ஆபத்து என்பது ருசியான விஷயம்.

பள்ளிக்கூடம் திறக்கப் போகிற சமயம், எனக்கு ஷூ வாங்க மாமா என்னையும் அம்மாவையும் சிவாஜிநகருக்குக் கூட்டிப்போனார். பஸ்ஸில் ஏறியதும் அவர் வேறு ஆளாகிவிட்டார். அம்மாவைப் பார்த்து, “கூத்கோ, கூத்கோ” என்றார். உட்காரச் சொல்கிறார் என்பது கை காட்டியதில் புரிந்தது. அதன் பிறகு வழி நெடுக அவர் கன்னடத்தில் ஏதேதோ சொல்லிக்கொண்டு வந்தார். ஒரு சொல்லும் புரியாத அம்மா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக்கொண்டு வந்தாள். எங்களுக்கு முன்சீட்டில் இரண்டு பெண்கள் சத்தமாகத் தமிழில் மாமியார் கதை பேசிக்கொண்டு வந்தார்கள். இவர்கள்தான் ஆழம் பார்க்கிறவர்கள் போலிருக்கிறது என்று நான் அவர்கள் பின்னந்தலையை முறைத்துக்கொண்டு வந்தேன்.

ஷூ கடையிலும் அப்படித்தான். கடைக்காரர், “வாங்கம்மா, பாப்பாவுக்கா?” என்று தமிழில் கேட்டார். மாமா கன்னடத்தில் பதில் சொன்னார். கடைக்காரர் விடாமல் தமிழிலேயே பேச, மாமா விடாமல் கன்னடத்திலேயே பேச, நடுவில் என் காலில் ஷூ மாட்டப்பட்டது. கட்டைவிரல் இடித்தது. சட்டம் ஞாபகம் வந்ததால் சொல்லவில்லை.

திரும்பும்போது பஸ் ஸ்டாண்டில் கூட்டம் நெரிந்தது. மாமா தன் பையை நெஞ்சோடு அணைத்திருந்தார். அம்மா ஷூ டப்பாவையும் தன் பையையும் இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்திருந்தாள். பாப்புவின் கை அண்ணன் கையில் இருக்கிறது என்று அம்மா நினைத்தாள். தங்கச்சி கையில் இருக்கிறது என்று மாமா நினைத்தார். திருடனுக்கு எதையும் விட்டுக்கொடுக்காமல் இருவரும் கூட்டத்தில் முன்னேறிப் போனார்கள். ஒரு பஸ் பின்வாங்கி வந்தது, ஜனங்கள் விலகினார்கள், மறுபடியும் சேர்ந்தார்கள். என் முன்னால் தெரிந்த புடவை அம்மாவுடையதாக இல்லை.

நான் அழவில்லை. அழுதால் தனியாக இருப்பது தெரிந்துவிடும். ஒரு தூணை ஒட்டி நின்றுகொண்டு, வருகிற போகிற ஒவ்வொருவரையும் சந்தேகமாகப் பார்த்தேன். மூட்டை தூக்கிப் போனவர் பிள்ளை பிடிக்கிறவர். கர்சீப்பால் முகம் துடைத்தவர் அதில் மயக்க மருந்து வைத்திருந்தார். தூணுக்குப் பக்கத்தில் கூடையை வைத்துக்கொண்டு மல்லிகை கட்டிக்கொண்டிருந்த பூக்காரம்மாதான் என்னை முதலில் கவனித்தவள்.

“இன்னா கண்ணு, யார் கூட வந்த?”

தமிழ். மாமா சொன்னது அப்படியே நடக்கிறது. உதட்டை இறுக்கிக்கொண்டேன்.

“அம்மா எங்க? உன் பேரு இன்னா?”

நான் வேறு பக்கம் பார்த்தேன். அவள் பக்கத்து டீக்கடைக்காரரைக் கூப்பிட்டாள். அவர் உருதுவில் கேட்டார். கடைக்கு வந்திருந்த ஒருவர் இங்கிலீஷில் கேட்டார். டீக்கடைக்காரர் கொடுத்த பன்னை நான் கையால் தள்ளிவிட்டேன். அதில் மருந்து இல்லையென்று அவரே ஒரு துண்டைப் பிய்த்துத் தின்றிருந்தால்கூட நம்பியிருக்க மாட்டேன்.

இதற்குள் சின்னக் கூட்டம் கூடிவிட்டது. கூட்டத்தில் வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர், “இந்த மாதிரி பிள்ளைங்கள வச்சுத்தான் இப்பல்லாம் பாக்கெட் அடிக்கறாங்க. நாம இதப் பாத்துட்டு நிப்போம், பின்னால கூட்டாளி வேலைய முடிச்சுடுவான்,” என்றார். சொல்லிவைத்ததுபோல எல்லோர் கையும் அவரவர் பைக்குப் போயிற்று. ஒருவரையொருவர் திரும்பிப் பார்த்துக்கொண்டார்கள். நான் அவர்களைப் பார்த்துப் பயந்துகொண்டிருக்க, அவர்கள் என்னைப் பார்த்துப் பயந்தார்கள். பூக்காரம்மா மட்டும், “போய்யா, பச்ச புள்ளய” என்று சொல்லிவிட்டு என் கையைப் பிடித்தாள். நான் உருவிக்கொண்டேன். அவள் மறுபடியும் பிடித்தாள், இந்த முறை நன்றாக.

ஒரு போலீஸ்காரர் வந்தார். “ஹெசரேனு புட்டி?” என்று குனிந்து என் பேரைக் கேட்டார். பதில் வராததால் என் காதருகே கை தட்டிப் பார்த்தார். நான் திடுக்கிட்டேன். “கேக்குது சார், பேச்சுதான் இல்ல,” என்றாள் பூக்காரம்மா. எல்லோருமாக என்னைப் பஸ் ஸ்டாண்டு கன்ட்ரோலர் ரூமுக்குக் கூட்டிப்போனார்கள். கம்பி போட்ட ஜன்னல் வைத்த சின்ன அறை. அங்கே இருந்தவர் மைக்கைப் பிடித்துக் கன்னடத்தில் சொல்ல ஆரம்பித்தார். எனக்குப் பிடிபட்ட ஒரே வார்த்தை ‘மூகி’. மறுபடியும் மறுபடியும் அதையே சொன்னார். என் மூக்கில் ஏதோ இருக்கிறது என்று நினைத்து, தடவிப் பார்த்து, கவுனில் துடைத்துக்கொண்டேன். கன்னடத்தில் மூகி என்றால் ஊமைப்பெண் என்று தெரிய எனக்கு இன்னும் ஒரு வருடம் ஆனது.

ஸ்டாண்டின் அந்தக் கோடியில் அம்மாவும் மாமாவும் என்னைத் தேடி ஓடிக்கொண்டிருந்தார்கள். அம்மா அழுதபடியே, மைக்கில் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டாளாம். “யாரோட ஊமைப் பொண்ணோ காணாமப் போயிருக்கு, நம்மளுது இல்ல,” என்று மாமா காதோடு சொல்லியிருக்கிறார். தன் பிள்ளையைத் தொலைத்த அந்த நிலையிலும் அம்மா, “பாவம், எந்தத் தாயோ” என்றாளாம். இதை அவள் பின்னாளில் பலபேரிடம் சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

அறையில் எனக்கு ஒரு ஸ்டூல் கொடுத்தார்கள். பூக்காரம்மா கூடையை அங்கேயே கொண்டுவந்து வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். “வியாபாரம் போகுதும்மா, நீ போ,” என்றார் மைக்குக்காரர், அவரும் தமிழில். “ஆம்பளைங்க மட்டும் இருக்கற ரூம்ல பொட்டப்புள்ளய உட்டுட்டு எப்பிடிப் போறது?” என்றாள் அவள். அவளுடைய சந்தேகம் அந்தப் பக்கமாக இருந்தது. எனக்கோ அவள்மீதுதான் சந்தேகம். போகச் சொன்னாலும் போகமாட்டேன் என்கிறாளே, இவளுக்கு என்ன வேண்டும்?

அப்போதுதான் அந்தக் குரல் கேட்டது.

“பாப்பு… ஏ பாப்பு… எங்கடி இருக்க? மாமா இங்க இருக்கேன்டி!”

அடித்தொண்டையிலிருந்து வந்த வாணியம்பாடித் தமிழ். பஸ் சத்தத்தையெல்லாம் மீறிக் கேட்டது. மாமாவின் குரல்தான். ஆனால் மாமா இங்கே தமிழ் பேசமாட்டாரே. மாமாவைப் போலவே குரல் மாற்றிப் பேசுகிறவன் ஒருவன் என்னை வெளியே வரவழைக்கப் பார்க்கிறான் என்று முடிவுசெய்து, ஸ்டூலை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டேன்.

“பாப்பு… வாயத் தொறந்து பேசுடி… ஒண்ணும் ஆவாது, பேசுடி…”

குரல் உடைந்தது. மாமா அழுது நான் கேட்டதில்லை. அதனால் அது அவர்தானா என்று இன்னும் குழப்பமானது. ஜன்னல் கம்பி வழியாக எட்டிப் பார்த்தேன். நின்றுகொண்டிருந்த ஒரு பஸ்ஸின் படிக்கட்டில் ஏறி, ஒரு கையால் கம்பியைப் பிடித்துத் தொங்கியபடி மாமா கத்திக்கொண்டிருந்தார். பை தோளில், முதுகுப் பக்கம் கிடந்தது. ஒரு காலில் செருப்பு இல்லை.

“மாமா,” என்றேன்.

மைக்குக்காரர் திரும்பினார். பூக்காரம்மா கையிலிருந்த சரத்தை மடியில் போட்டுவிட்டு என்னையே பார்த்தாள். “அடிப்பாவி,” என்றாள் மெதுவாக. “உனக்குப் பேச்சு வருமா?”

அதற்குப் பிறகு எல்லாம் சீக்கிரம் நடந்தது. அம்மா என்னை அடித்தாள், உடனே அணைத்துக்கொண்டாள். போலீஸ்காரர் மாமாவிடம் கன்னடத்தில் ஏதோ கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். பூக்காரம்மா சிரிக்கவில்லை. கூடையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு மாமாவின் முன்னால் வந்து நின்றாள்.

“இன்னாய்யா புள்ள வளத்திருக்கீங்க? தமிழ்ல கேட்டா தமிழ்ல சொல்றதுக்கு இன்னா கேடு?”

அவள் ஒரு முழம் பூவைக் கிள்ளி அம்மாவின் கையில் திணித்துவிட்டுத் தூணடிக்குப் போய் உட்கார்ந்துவிட்டாள்.

மாமா என்னைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். அந்த வயதுப் பெண்ணை யாரும் அப்படித் தூக்க மாட்டார்கள். என்னைத் தூக்கியபடியே அவர் பஸ் ஸ்டாண்டின் நடுவில் நின்று, சுற்றியிருந்தவர்களின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். டீக்கடையில் நின்றவர்கள், படிக்கட்டில் இருந்த கண்டக்டர், பெஞ்சில் உட்கார்ந்திருந்த காலேஜ் பையன்கள். அவ்வளவு நேரம் தமிழில் கத்தியவரை ஒருவரும் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. கண்டக்டர் பஸ் போகும் இடத்தைச் சொல்லிக் கூவ ஆரம்பித்திருந்தார். ஆனாலும் மாமா பார்ப்பதை நிறுத்தவில்லை. முகம் முகமாகப் போய், திரும்பவும் முதல் முகத்துக்கு வந்தார்.

நன்றி சொல்வதற்கு ஆள் தேடுகிறார் என்று நான் நினைத்தேன். அவருக்கு உதவியாக இருக்கட்டும் என்று, கையை நீட்டித் தூணடியில் இருந்த பூக்காரம்மாவைக் காட்டினேன்.