பாஷா பாய் வட்டமிட்ட நாற்பத்தொரு கீறல்கள்

அஹமது பாஷா பாய்க்கு இறைவன் கொடுத்த வரம் வலது கையின் இரண்டு விரல்களில் இருக்கிறது. ஆம்பூரில் ஒரு தோல் பேக்டரியில் இருபத்தொன்பது வருஷமாக அவருக்கு செலக்ஷன் வேலை. பதப்படுத்திய ஆட்டுத்தோலை மேஜைமேல் விரித்து, அந்த இரண்டு விரலால் ஒருமுறை தடவுவார். முள் கீறியது, உண்ணி கடித்தது, கத்தி பட்டது எல்லாம் விரலுக்குத் தெரிந்துவிடும். உடனே சாக்பீஸால் ஒரு வட்டம். வட்டம் அதிகமானால் தோல் அடுத்த கிரேடுக்கு இறங்கிவிடும். முதலாளியே வந்து பக்கத்தில் நின்றாலும் ஒரு வட்டம் குறையாது.

அவருடைய பக்கத்து வீடு எங்களுடையது. அதனால் கார் வந்த கதை முழுக்க எனக்குத் தெரியும்.

கார் அவருடைய மருமகன் உசாமாவுடையது. உசாமாவும் மகள் ஹஃப்ஸாவும் சென்னையில் இருக்கிறார்கள். அங்கே அவர்கள் குடியிருக்கும் கட்டடத்தில் கார் நிறுத்த மாதம் மூவாயிரம் கேட்டார்கள். ரமலான் பண்டிகைக்கு வந்த உசாமா காரை மாமனார் வீட்டு வாசலில் நிறுத்திவிட்டு, பஸ் ஏறிப் போய்விட்டான்.

"கார் சும்மா நிக்கறதுக்கே மூவாயிரமா?" என்று பாய் மனைவி தில்ஷாத் என்னிடம் வந்து அங்கலாய்த்தாள். "நம்ம மாடி வீட்ல நாலு மனுஷங்க சமைச்சு சாப்டு தூங்கறாங்க. அவங்களுக்கே நாலாயிரம் தான். அந்த ஊர்ல மனுஷனா இருக்கறதவிட இங்க காரா இருக்கலாம் போல."

ஹஃப்ஸாவுக்கு எட்டாம் மாதம். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான். இந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு பயணம் கூடாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். "கூட்டத்துல நீ ரயில் ஏற வேணாம், நானே கார்ல வந்து கூட்டிட்டு வர்றேன்" என்று மகளுக்கு பாய் வாக்குக் கொடுத்திருந்தார். திங்கட்கிழமை வண்டியைத் துடைத்து உள்ளே இருந்த காகிதங்களை எடுத்துப் பார்த்தால், இன்சூரன்ஸ் முடிந்து ஒரு மாதம் ஆகியிருந்தது.

இன்சூரன்ஸ் ஏஜென்ட் கௌதம் வீட்டுக்கு வந்தான். "ரெண்டு வகை இருக்கு பாய். தேர்ட் பார்ட்டின்னா நம்ம வண்டி அடுத்தவங்கள இடிச்சா அவங்களுக்கு மட்டும் பணம். அது இப்பவே போன்லயே போட்டுடலாம். ஃபுல் இன்சூரன்ஸ்னா நம்ம வண்டிக்கும் சேத்து. ஆனா பாலிசி காலாவதி ஆனதால ஆள் வந்து வண்டிய பாத்துட்டுப் போனாதான் கிடைக்கும். சென்னைல பதிவு பண்ண வண்டி வேற, நம்ம ஊர் வண்டியவிட பணம் கொஞ்சம் ஜாஸ்தி."

"வண்டி இங்கதானேப்பா நிக்குது?"

"நிக்கற ஊரு கணக்கில்ல பாய், பதிவு பண்ண ஊருதான் கணக்கு."

"சென்னைய விட்டு ஓடி வந்தாலும் சென்னை வெல துரத்திக்கிட்டு வருதே," என்றாள் தில்ஷாத். "கம்மியா இருக்கறதையே போடுங்க. பொண்ண கூட்டிட்டு வந்தா போதும்."

பாய் யோசித்தார். வண்டி மருமகனுடையது. ஹைவேயில் ஏதாவது ஆகிவிட்டால் அந்தப் பிள்ளை முகத்தில் எப்படி விழிப்பது? "ஃபுல்லே போடு," என்றார். போகும்போது கௌதம், "பாக்க வர்றவங்க வெள்ளிக்கிழமை காலைல வருவாங்க. வண்டிய நல்லா கழுவி நிறுத்துங்க, அவ்ளோதான்," என்றான்.

கழுவினார். அதோடு நின்றிருக்கலாம். ஆனால் ஒரு பொருளை அடுத்தவர் பார்க்க வருகிறார் என்றால் அதற்குமுன் தான் தடவிப் பார்த்துவிட வேண்டும் என்பது அவர் கைக்குப் பழகிப்போன காரியம். வெள்ளிக்கிழமை விடியற்காலை பஜ்ர் தொழுதுவிட்டு வந்தவர் சாக்பீஸை எடுத்தார். எட்டு மணிக்கு நான் எட்டிப் பார்த்தபோது, நீல நிறக் காருக்கு அம்மை போட்டதுபோல் இருந்தது. நாற்பத்தொரு வட்டம். இடதுபக்கப் பின் கதவு முழுவதற்கும் ஒரே பெரிய வட்டம்.

கௌதம் வந்ததும் தலையில் கைவைத்து வாசலிலேயே உட்கார்ந்துவிட்டான். "பாய், அவங்க கண்டுபிடிக்க வேண்டியத நீங்க ஏன் பாய் கண்டுபிடிச்சுக் குடுக்கறீங்க? பழைய அடின்னு எழுதிட்டா அதுக்கு நாளைக்கு பணம் வராது."

"ஓட்டைய மறைச்சு நல்ல தோலோட வெச்சா, ஷூ ஆனப்புறம் திரும்பி வரும்பா. அப்ப அசிங்கம்."

வேலூரிலிருந்து ஸ்கூட்டரில் வந்த நிஷா என்ற பெண்தான் வண்டியைப் பார்க்க வந்தவள். காரை ஒரு சுற்று சுற்றினாள். ஒரு வட்டத்துக்குள் குனிந்து பார்த்தாள்.

"இதுக்குள்ள இன்னா சார் இருக்கு?"

"மயிரிழை கீறல்மா. கண்ணுக்குத் தெரியாது. கை வெச்சுப் பாரு."

"எங்க ஃபாரத்துல நசுங்கினது, உடைஞ்சதுதான் எழுதணும். இதெல்லாம் வேணாம்."

"எழுதிக்கோம்மா. பின்னால பேஜார் வரக்கூடாது."

"சார், நீங்க எங்க கம்பெனி ஆளா, வண்டிக்கார ஆளா?"

கடைசியில் அந்தக் கதவுக்கு வந்தார்கள். நிஷாவுக்கு அதில் எதுவும் தெரியவில்லை. பாய் இரண்டு விரலை வைத்தார். "உள்ள நசுங்கி, பட்டி பூசி, மேல பெயிண்ட் அடிச்சிருக்கு," என்றார். நிஷா தட்டிப் பார்த்தாள். மற்ற கதவில் வந்த சத்தம் அதில் வரவில்லை.

பாய் மருமகனுக்கு போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தார்.

"மாமா, அது வந்து... அது நான்தான் மாமா. பார்க்கிங்ல தூண் ஒண்ணு..."

பின்னாலிருந்து ஹஃப்ஸாவின் குரல் வந்தது. "போன குடுங்க. அப்பா, இவர் பொய் சொல்றாரு. நான்தான் இடிச்சேன். ரிவர்ஸ் கத்துக்கும்போது. உங்ககிட்ட சொல்ல வேணாம்னு நான்தான் சொன்னேன்."

"எப்பம்மா?"

"மூணாம் மாசத்துல."

தில்ஷாத் போனைப் பிடுங்கினாள். "மூணாம் மாசத்துல உனக்கு கார் ஓட்டறது கேக்குதாடீ?" பிறகு நடந்த பேச்சு உருதுவில் நடந்தது. நிஷா மரியாதையாக டயரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

போனை வைத்துவிட்டு தில்ஷாத் கணவரிடம் திரும்பினாள். "இப்ப சொல்லுங்க. நாப்பத்தொண்ணையும் எழுதணும்னு இந்தப் பொண்ணோட நின்னு மல்லுக்கட்டினா சாயங்காலம் ஆயிடும். பாலிசி திங்கக்கிழமைதான் வரும். உங்களுக்கு பொண்ணு வேணுமா, கீறல் வேணுமா?"

பாய் சாக்பீஸைச் சட்டைப்பையில் போட்டார். ஜும்மா தொழுகையில் இமாம் மேடை ஏறினால் எப்படி அமைதியாவாரோ அப்படி அமைதியானார். நிஷா கதவை எழுதினாள், முன் பம்பரை எழுதினாள், படம் எடுத்தாள். ஃபாரத்தில் கையெழுத்து வாங்கும்போது பாய் மெதுவாகக் கேட்டார்.

"கடைசில ஒரு வரி மட்டும்மா. 'இன்னும் சின்னச் சின்ன கீறல் உண்டு, வண்டிக்காரர் தானாகவே சொன்னார்'னு."

அவள் ஃபாரத்தைத் திரும்ப வாங்கினாள். எழுதினாள்.

ஜும்மா முடிந்து வந்தபோது பாலிசி போனுக்கு வந்திருந்தது. சனிக்கிழமை விடிந்ததும் பாயும் தில்ஷாத்தும் சென்னைக்குக் கிளம்பினார்கள். திரும்பும்போது ஹஃப்ஸா பின்சீட்டில், இரண்டு தலையணைக்கு நடுவில். பாய் நாற்பதுக்குமேல் வேகமுள்ளை ஏற விடவில்லை. காஞ்சிபுரம் திருப்பத்தில் லாரிகள் தாண்டின. வாலாஜா டோல்கேட்டில் ஒரு டிராக்டர் தாண்டியது.

"அப்பா, டிராக்டர் போகுதுப்பா."

"போகட்டும்மா."

"ஃபுல் இன்சூரன்ஸ் போட்டீங்களே, கொஞ்சம் வேகமா போகலாம்ல?"

"அது வண்டிக்குத்தாம்மா," என்றார் பாஷா பாய். கண்ணாடியில் மகளை ஒருமுறை பார்த்துவிட்டு, வேகத்தை முப்பத்தைந்துக்கு இறக்கினார்.