போயாவுக்குப் போயா கைமாறும் காசு

போன போயா தினம். பௌர்ணமி விடுமுறைதானே என்று கொஞ்சம் பிந்தித்தான் எழும்பினேன். கேற்றில் சத்தம். எட்டிப் பார்த்தால்... யோகம்!

யோகம் என் நண்பன் தவராசாவின் மனைவி. தவராசா இறந்து இரண்டு மாதமாகிறது. வவுணதீவிலிருந்து தனியாக பஸ் ஏறி, ரவுணில் மாறி, கல்லடியில் என் வீடு தேடி வந்திருக்கிறார். கையில் பழைய பிலிம் ரோல் பேணி ஒன்று.

உள்ளே வந்து உட்கார்ந்ததும் அந்தப் பேணியை என்னிடம் நீட்டினார்.

"போன போயாவுக்கு வரக் கிடைக்கல்ல அண்ணன். அப்ப அவருக்கு முப்பத்தோராம் நாள் அமுதும் குடுத்து முடியல்ல. இந்தாங்க... இது ஒங்கட முறை."

பேணிக்குள் இருப்பது ஒரு வெண்கலக் காசு. ஆயிரம் வருடத்துக்கு மேல் பழைய பைசாந்தியக் காசு. ஒரு பக்கம் நாலு வரி எழுத்து. மறுபக்கம் இரண்டு தலைகள் — சின்ன வயதிலேயே அரசனாகிவிட்ட ஒரு பையன், அவனுக்காக ஆட்சியைப் பார்த்துக்கொண்ட அவன் அம்மா. நடுவில் ஒரு சிலுவை. அதை இருவருமாகப் பிடித்திருக்கிறார்கள். இருவரும் சேர்ந்து ஆண்டது சில வருடங்கள்தான். அதனால் காசும் லேசில் அகப்படாது.

கொழும்பில் ஒரு பழைய சேகரிப்பாளர் தன் காசுகளை விற்றபோது, நானும் தவராசாவும் ஒரே நேரத்தில் இதில் கை வைத்தோம். தனியே வாங்க இருவருக்கும் வசதியில்லை. விட்டுக்கொடுக்க மனமும் இல்லை. பாதிப் பாதி போட்டு வாங்கினோம்!

காசு சேகரிப்பவர்களை உங்களுக்குத் தெரியுமா? தம்பிக்குக் காணியை எழுதிக் கொடுப்பார்கள், காசைத் தொட விடமாட்டார்கள். அப்படிப்பட்ட இருவருக்கு ஒரே காசு! ஒரு போயாவிலிருந்து அடுத்த போயா வரை ஒருவரிடம், பிறகு மற்றவரிடம். வைத்திருப்பவர்தான் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். இதுதான் ஒப்பந்தம்.

வாவிக்கு இந்தப் பக்கம் எழுவான்கரையில் நான், அந்தப் பக்கம் படுவான்கரையில் அவன். நடுவில் பாலமும் ஆமி சோதிக்கும் சென்றிப் பொயின்ற்றும். ஒருமுறை ஆமிக்காரர் பேணியைத் திறந்து, காசைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். "பரண சல்லித?" என்றார். பழைய காசா என்று சிங்களத்தில் கேட்கிறார். ஓம் என்றேன். இதில் ஒரு பிளேன்ரீயும் வாங்க முடியாதே என்று சிரித்துவிட்டுத் தந்தார். அதுவும் உண்மைதான்.

சுனாமி வந்த அன்றும் போயாதான். காசு தவராசாவிடம். அவன்தான் கல்லடிக்கு வரவேண்டும். ஆனால் முதல் நாள் ஆளிடம் சொல்லி அனுப்பினான்: "வட்டைக்குள்ள தண்ணி நிக்குது மச்சான், வயல விட்டுட்டு வரேலாது. நீ வா."

ஒப்பந்தத்தை மீறுகிறானே என்று எனக்குக் கோபம். முணுமுணுத்துக்கொண்டு விடியவே புறப்பட்டேன். தயிர் வாங்க வேண்டும் என்று என் மனைவியும் மோட்டார் சைக்கிளில் ஏறிக்கொண்டார்.

யோகம் தந்த தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டிருக்கும்போது ரவுணுக்குப் போன ஒருவர் ஓடிவந்தார். "கடல் ஊருக்குள்ள வந்திட்டு! கல்லடியில வீடுகள் ஒண்டும் இல்லையாம்!"

எங்கள் வீடும் இல்லை. என் சேகரிப்பு முழுவதும் போய்விட்டது. அக்கம்பக்கத்தில் எத்தனை பேர் போனார்கள்... அதை இங்கே எழுத இன்றைக்கும் என்னால் முடியாது. நாங்கள் இருவரும் உயிரோடு இருந்தோம். யோகத்தின் சேலையை என் மனைவியும் தவராசாவின் சாரத்தை நானும் உடுத்திக்கொண்டு, மாதக்கணக்கில் அந்த வீட்டிலேயே சாப்பிட்டோம்.

சில வருடங்களில் படுவான்கரையில் ஷெல் விழத் தொடங்கியது. சனம் உடுத்த துணியோடு பாலம் கடந்து வந்தது. தவராசா குடும்பமும் அப்போது நாங்கள் கட்டி முடித்திருந்த இரண்டு அறை வீட்டுக்கு வந்து சேர்ந்தது. வாசலிலேயே யோகம் என்னிடம் முறைப்பாடு வைத்தார். "சட்டி பானை எல்லாத்தையும் விட்டுட்டு, இந்தப் பேணிய மடியில கட்டிக்கிட்டு ஓடி வாறார் அண்ணன்!"

"நாளைக்குப் போயா எலுவா மச்சான்? ஒன்ட முறை!" என்றான் தவராசா.

அந்த யோகம்தான் இப்போது பேணியோடு என் முன்னால் இருக்கிறார். தேத்தண்ணி குடித்து முடித்ததும் மெல்லச் சொன்னார்: "இனி இது இங்கயே கிடக்கட்டும் அண்ணன். அவர் இல்ல. எனக்கு இதப் பத்தி என்ன தெரியும்?"

எந்தச் சேகரிப்பாளனும் இதைக் கேட்டால் துள்ளிக் குதிப்பான். எனக்குப் பகீரென்றது. பேணி என்னிடமே தங்கிவிட்டால் தவராசா முழுவதாகப் போய்விடுவானே! பிறகு எதைச் சாட்டி அந்தப் பாலத்தைக் கடப்பேன்?

"அது சரிவராது யோகம். பாதிதான் என்ட. மத்தப் பாதி ஒங்கட வீட்டுக்குரியது. அடுத்த போயாவுக்கு நான் கொண்டு வாறன்." குரல் கொஞ்சம் உயர்ந்துதான் வந்தது.

யோகம் பேணியைத் திறந்து காசை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். இத்தனை வருடத்தில் இதுதான் முதல் தடவை.

"இதுல ஆரு ராசா, ஆரு மந்திரி?"

"மந்திரி இல்ல. ராசாவும் அவர்ர அம்மாவும்."

"பொம்பிளையா! நான் இவ்வளவு காலமும் ஒங்க ரெண்டு பேரப்போல ரெண்டு ஆம்பிளைகள் எண்டுதான் நினைச்சன்." அந்தச் சின்ன முகத்தை விரலால் தடவினார். "அப்ப, பொம்பிளைக்கும் முறை இருக்கு..."

அவருக்குச் சிரிப்பு வந்தது. பிறகு அழுகை வந்தது. எனக்கு நேரே அழுகைதான்.

போகும்போது கேற்றடியில் நின்று திரும்பினார். "வாற எண்டா வெள்ளன வாங்க. அக்காவையும் கூட்டிட்டு வாங்க, தயிர் எடுத்து வைக்கிறன். பேணிய மறந்து வெச்சிட்டு வந்திராதீங்க. இனி என்ட முறை!"

மறப்பதா? இதை எழுதும்போதும் அது என் சட்டைப் பையில்தான் கிடக்கிறது.