எழுதியவர் வாய் திறக்கக் கூடாது

வேன்காரம்மா என்றால் அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். அவள் ஹார்ன் அடித்தால், மூன்று தெரு தள்ளிப் போர்வைக்குள் கிடக்கும் பிள்ளைகூடப் பல் துலக்கி, சீருடை மாட்டி, ஷூவையும் சரியான காலில் போட்டுக்கொண்டு வாசலில் நிற்கும். கூட்டிச் சொல்வதாகத் தோன்றினால் ஷூவை மட்டும் கழித்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைகளை இறக்கிவிட்டு மறுபடி ஏற்றும்வரை வேனுக்குள் உட்கார்ந்து கதை எழுதுவாள். எழுதியதைக் கேட்க ஆள் வேண்டுமே? வீட்டுக்காரர் முதல் பக்கத்திலேயே குறட்டை விட்டார். அதனால் வெளியே ஆள் பிடிக்கக் கிளம்பினாள். கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டிருந்த டாக்டரிடமே, வாயில் பஞ்சோடு, "நீங்க கதை எழுதுவீங்களா?" என்று கேட்டாள். மனிதர் இடுக்கியும் கையுமாக அப்படியே நின்றுவிட்டார். பேய்க்கதைகளாக எழுதி இழுப்பறையில் பூட்டி வைத்திருந்தவர் அவர். அடுத்த சனிக்கிழமை மாலையே, கிளினிக் மூடியபின், அதன் வரவேற்பறையில் கூட்டம் தொடங்கிவிட்டது. நாற்காலிகள் வரிசையாகக் கிடந்தன. தன் முறை எப்போது வருமோ என்று பயந்துகொண்டு உட்காருவதும் அந்த அறைக்குப் புதிதில்லை.

சட்டதிட்டமெல்லாம் வேன்காரம்மா போட்டதுதான். கதையில் பெயர் போடக் கூடாது. கையெழுத்து காட்டிக்கொடுக்காமல் இருக்க, ரிசப்ஷன் பெண் எல்லாவற்றையும் ஒரே மாதிரி டைப் அடித்துவிடுவாள். மடித்த தாள்கள் காலியான கையுறை டப்பாவுக்குள் போகும். யார் கைக்கு எது வருகிறதோ, அதை அவர் எழுந்து நின்று படிக்க வேண்டும். எல்லோரும் கருத்துச் சொல்லி முடிக்கும்வரை எழுதியவர் வாய் திறக்கக் கூடாது. வேடிக்கை பார்க்க வருகிறவருக்கு நாற்காலி கிடையாது. உட்கார்ந்தால் படித்தே ஆக வேண்டும்.

ஒரு சனிக்கிழமை கூட்டத்தில் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தது அவளுடைய நாத்தனார். ஒரு கன்னம் பன் மாதிரி உப்பியிருந்தது.

"விளக்கு எரிஞ்சுது, டாக்டர். பல்லு உயிர் போகுது."

டாக்டர் பார்த்துவிட்டு மாத்திரை கொடுத்தார். "வலி அடங்கக் கொஞ்ச நேரம் ஆகும். உக்காருங்க. ஆனா உக்காந்தா படிக்கணும். உங்க தம்பி பெண்டாட்டி போட்ட சட்டம்."

"அவங்களை விட்டுடுங்க டாக்டர், வலியில வந்திருக்காங்க" என்றாள் வேன்காரம்மா. குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது.

டப்பாவுக்குள் கிடந்த அவள் கதை நாத்தனாரைப் பற்றியது.

வெளிநாட்டு வேலைக்குப் போன கணவர் போன் செய்வதை நிறுத்தியபின் நாத்தனார் தம்பி வீட்டோடு வந்துவிட்டார். ஆனால் தினமும் மாலை ஏழு மணிக்கு அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, கணவரோடு போனில் சத்தமாகப் பேசுவார். மறுமுனையில் யாருமில்லை என்பது வேன்காரம்மாவுக்கு மட்டும் தெரியும். தன் வீட்டுக்காரரிடம்கூடச் சொன்னதில்லை. சொல்லாமல் வைத்திருந்ததைக் கதையாக்கிவிட்டாள். ஏழு மணியை ஒன்பது ஆக்கினாள். நாத்தனாரை மீசை வைத்த சித்தப்பா ஆக்கினாள். அது போதும் என்று நினைத்துவிட்டாள்.

நாத்தனார் டப்பாவுக்குள் கைவிட்டார். துழாவினார். ஒரு தாளை எடுத்து, விட்டுவிட்டு, வேறொன்றை எடுத்தார்.

"எங்கள் வீட்டில் ஒன்பது மணிக்கு ஒரு போன் வரும்" என்று படிக்கத் தொடங்கினார். "மணி அடிக்காமலே வரும்."

அது வேன்காரம்மாவின் கதை. நிறுத்தச் சொன்னால் எழுதியவள் தான்தான் என்று தெரிந்துவிடும். சும்மா இருந்தால், இத்தனை பேர் நடுவே அந்த மனுஷி தன் மானத்தைத் தானே வாசித்து முடிப்பாள்.

சித்தப்பா போனைத் துண்டால் துடைக்கும் இடம் வந்தது. தினமும் போனைத் துடைக்கிற முந்தானை நுனியை நாத்தனாரின் கை விட்டுவிட்டது. 'சாப்பிட்டியா' என்று சித்தப்பா இரண்டு தடவை கேட்கும் இடத்தில் குரல் நின்றது.

"வலிக்குதாக்கா?" என்று கேட்டார், வாராவாரம் கதையோடு வரும் பிளம்பர். "முடியலேன்னா குடுங்க, நான் படிக்கிறேன்."

பிளம்பர் கையை நீட்டியேவிட்டார்.

"கையில வந்ததை நான்தானே படிக்கணும்? கொஞ்சம் தண்ணி குடுங்க."

குடித்தார். தாளை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனார். கடைசிப் பத்தி வந்துவிட்டது. சித்தப்பா குளிக்கப் போன நேரத்தில் கதை சொல்கிறவள் போனை எடுத்துப் பார்ப்பாள். மாதக்கணக்கில் ஒரு அழைப்பும் இருக்காது. வேன்காரம்மாவுக்கு அது மனப்பாடம்.

"போனை எடுத்துப் பார்த்தேன்" என்று படித்தார் நாத்தனார். "யார் கூப்பிட்டார், எவ்வளவு நேரம் பேசினார், எல்லாம் அதில் இருந்தது. சந்தேகப்பட்டதற்கு எனக்கே வெட்கமாகிவிட்டது."

அப்படி ஒரு வரியே தாளில் இல்லை.

டைப் அடித்தவளுக்குத் தெரியாதா? ரிசப்ஷன் பெண் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "டாக்டர், இதுல கடைசியில…"

"எழுதினவங்க வாய் திறக்கக் கூடாது!" வேன்காரம்மா போட்ட சத்தத்தில் மேஜைமேல் இருந்த பிளாஸ்டிக் பல்செட்டே வாயை மூடிக்கொண்டது. "டைப் அடிச்சவங்களும்தான்!"

நாத்தனார் வேன்காரம்மாவை ஒரு பார்வை பார்த்தார். பிறகு தாளை மடித்து, டப்பாவில் போடாமல் தன் கைப்பையில் வைத்துக்கொண்டார்.

"கடைசி உப்புச்சப்பில்லாம போச்சு" என்றார் பிளம்பர். "நெசமாவே போன் வந்துச்சுன்னா எதுக்கு நம்மள இவ்வளவு நேரம் கலங்கடிக்கணும்?"

"எனக்கும் நம்பிக்கை வரல" என்றார் டாக்டர்.

"எனக்கு வந்துச்சு" என்றார் நாத்தனார்.

வீட்டுக்குப் போகும்போது வேனில் முன்சீட்டில் உட்கார்ந்தார். இரண்டு திருப்பம் தாண்டியதும் அவள் பக்கம் திரும்பினார்.

"மீசையா வைக்கிற எனக்கு, படுபாவி?"

"அண்ணி…"

"எப்ப இருந்து தெரியும்?"

"ரொம்ப நாளா."

"ஒரு நாளாவது கதவைத் தட்டியிருக்கலாம்ல?"

வேன்காரம்மா வண்டியை ஓரங்கட்டினாள். "தட்டினா பேசுறதை நிறுத்திடுவீங்க. அப்புறம் வீட்டுல உங்க குரலே கேக்காதே, அண்ணி."

நாத்தனார் வெளியே பார்த்தபடி கன்னத்தைத் தடவிக்கொண்டார். "சித்தப்பாவைப் பத்தி அவ்வளவு எழுதினியே, கதவுக்கு வெளிய நின்னவளைப் பத்தி ஒரு வரி உண்டா? வண்டியை எடு. பல்லு மறுபடி வலிக்குது."

அந்த வாரம் ஏழு மணிக்கு அறையில் சத்தமில்லை. பெட்டியை இழுக்கும் சத்தம் கேட்கிறதா என்று வேன்காரம்மா காதைத் தீட்டிக்கொண்டே சமைத்தாள். "அக்காவுக்கு இன்னும் பல்வலியா?" என்று வீட்டுக்காரர் கேட்டார். "ஆமா" என்றாள். ஒரு மாலை, தட்டலாம் என்று கையைத் தூக்கியவள், தூக்கிய கையால் தலைமுடியைச் சரிசெய்துகொண்டு திரும்பி வந்தாள்.

சனிக்கிழமை கிளினிக்கில் நுழைந்தபோது நாத்தனார் அவளுக்கு முன்பே நாற்காலியில் இருந்தார். கன்னம் வற்றியிருந்தது, முகம் எதையும் காட்டவில்லை. ரிசப்ஷன் பெண் யாரையும் பார்க்காமல் டப்பாவை நீட்டினாள். முதல் தாள் வேன்காரம்மாவின் கையில் வந்தது. எழுந்து நின்றாள்.

"எங்கள் வீட்டில் என் அறைக் கதவுக்கு வெளியே ஒருத்தி நிற்பாள். நிற்கிறாள் என்று எனக்கு எப்போதும் தெரியும். அவள் காதில் விழட்டும் என்றுதான் சத்தமாகப் பேசுவேன்."

வேன்காரம்மா அந்த இடத்தில் தாளைத் தாழ்த்தினாள்.

"தண்ணி வேணுமா?" என்றார் பிளம்பர்.

எதிர் நாற்காலியில் நாத்தனார் உதட்டை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவரால் இப்போது ஒரு வார்த்தை பேச முடியாது. சட்டம் அப்படி.

வேன்காரம்மா தண்ணீரைக் குடித்துவிட்டு, மிச்சத்தையும் படித்தாள். ஒரு வரியையும் மாற்றவில்லை.