ராஜா போர்வையில் வந்த காரணம்

ஞாயிற்றுக்கிழமை காலை துணி காயப்போட மாடிக்குப் போயிருந்தேன். இறங்கி வந்தபோது நம் சர்ச் நாடகக் குழுவின் வாட்ஸ்அப்பில் ஜெபராஜ் ஐயாவின் குரல் செய்தி இருந்தது. குழுவை நடத்துபவர் என்பதால் வழக்கமாக நீளமாகத்தான் பேசுவார். அன்று ஒரே வரி: "அருள்தாஸ் போய்ட்டாரு." எங்கே என்று யாரோ கேட்டிருந்தார்கள்.

நெஞ்சுவலி. ஆம்பூரிலிருந்து வேலூருக்குக் கொண்டுபோகும் வழியில், பள்ளிகொண்டா வருவதற்கு முன்பே முடிந்துவிட்டது.

நினைவுக் கூட்டத்தில் உங்களில் பலர் அவரைப் பற்றி அன்பாகப் பேசினீர்கள். கூடவே ஒன்றையும் சொன்னீர்கள்: "நல்ல மனுஷன். கடைசி ரெண்டு வருஷமாத்தான் கொஞ்சம் வீம்பு. ராஜா அங்கி போட மாட்டேன்னுட்டாரு." நான் கடைசி வரிசையில் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். உண்மையைச் சொன்னால் என்னைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கும். அது எனக்குப் பழக்கமில்லாத காரியம். ஆனால் அவர் பேரில் அந்தச் சொல் ஒட்டிக்கொண்டு நிற்கக் கூடாது. அதனால் எழுதுகிறேன்.

அருள்தாஸ் அண்ணனும் நானும் ஒரே ஷூ கம்பெனியில் வேலை பார்த்தோம். அவர் தோல் வெட்டும் பிரிவில், நான் அலுவலகத்தில். அக்கா மகளின் மாறுவேடப் போட்டிக்கு நான் தைத்த மயில் உடையின் படம் யார் மூலமோ அவரிடம் போயிருக்கிறது. ஒருநாள் கேன்டீனில் எதிரே வந்து உட்கார்ந்தார்.

"நீயா தச்சே?"

"ஆமாண்ணா."

"சர்ச் நாடகத்துல நான்தான் ராஜா. எனக்கு ஒரு அங்கி குடுத்திருக்கானுங்க பாரு, போட்டா ராஜா மாரியா இருக்கு? பேண்டு வாசிக்கறவன் மாரி இருக்கு."

அந்த ஆண்டு கருஞ்சிவப்பு வெல்வெட் வாங்கினோம். சர்ச் ஹாலில் விரித்து, அளவுக்கு வெட்டிய காகிதங்களை மேலே வைத்துவிட்டு நான் சாப்பிடப் போனேன். திரும்பி வருவதற்குள் அண்ணன் எல்லாவற்றையும் வெட்டி முடித்திருந்தார். மிஞ்சிய துணியைப் பெருமையோடு தூக்கிக் காட்டினார். "பாத்தியா? நீ வெட்டியிருந்தா இவ்ளோவும் வேஸ்ட்." அவர் பிரிவில் கழிவு கம்மியாக விடுபவனே நல்ல வெட்டுக்காரன். தோலில் வைப்பதுபோல ஒரு துண்டை நேராகவும், அடுத்ததைத் தலைகீழாகவும் இடுக்கில் பொருத்தி வெட்டியிருந்தார்.

"அண்ணா, வெல்வெட்டுக்கு மேல் கீழ் உண்டு. திருப்பி வெச்சா நிறம் மாறித் தெரியும்."

"தோலுக்கு அப்டி ஒண்ணும் தெரியாதே."

மேடை விளக்கில் நன்றாகவே தெரிந்தது. ராஜாவின் வலது பாதி கருஞ்சிவப்பு, இடது பாதி வெளுத்த சிவப்பு. "ராஜா பாதி சாயம் போய்ட்டாரு" என்று முன்வரிசைப் பிள்ளைகள் சொன்னது அவர் காதில் விழுந்துவிட்டது. அதன்பின் நாடகம் முடியும்வரை வலது பக்கத்தை மட்டும் காட்டியபடி நண்டு மாதிரி நடந்தார். நீங்கள் சிரித்த சிரிப்பு உங்களுக்கே நினைவிருக்கும். திரைக்குப் பின்னால் நான் அழுகிற நிலையில் இருந்தேன். அவர் வந்து, "விடும்மா, ஒரு ராஜா கேட்டாங்க, ரெண்டு ராஜா குடுத்துட்டோம்" என்றார்.

பிறகு ஆண்டுதோறும் தைத்தேன். தேவதூதர்கள், மேய்ப்பர்கள், போர்வீரர்கள். அந்த ஹாலின் மூலை எனக்குப் பிடித்துப்போனது. வாயில் குண்டூசி வைத்திருப்பவளிடம் யாரும் பேச்சை எதிர்பார்ப்பதில்லை. உங்கள் நடுவில் எனக்கென்று ஓர் இடம் இருந்தது.

அப்புறம் தைக்கும் ஆசை போய்விட்டது. சண்டை இல்லை, உடம்புக்கும் ஒன்றுமில்லை. வேலூரில் வாங்கிய துணி பையிலேயே கிடந்தது. மிஷினில் நூல் கோப்பேன், எழுந்துவிடுவேன். கொஞ்ச நாளில் இஸ்திரி போட்ட துணிகளை அதன்மேல் அடுக்க ஆரம்பித்தேன். தைக்காமல் போனால் அந்த ஹாலில் நான் யார் என்பதுதான் என் பயம்.

அந்த வருஷம் பார்த்து ஹால் பெட்டியிலிருந்த ராஜா அங்கியை எலி கடித்துவிட்டது. நவம்பரில் அண்ணன் அளவு கொடுக்க வீட்டுக்கு வந்தார். "இடுப்பு கம்மியாயிருக்கு, பாத்து அள" என்று வழக்கம்போல ஆரம்பித்தார்.

"அண்ணா, இந்த வருஷம் என்னால முடியாது."

"இன்னாம்மா, உடம்பு சரியில்லியா?"

"உடம்பு நல்லாத்தான் இருக்கு. தைக்கவே தோணல."

மிஷின்மேல் இருந்த துணி அடுக்கைப் பார்த்தார். "நல்லதாப் போச்சு. இடுப்பு கம்மியாகலன்றத நீ கண்டுபிடிக்க மாட்ட" என்றார். ஜெபராஜ் ஐயாவிடம் என்ன சொல்வது என்று கேட்டேன். "அத நான் பாத்துக்கறேன். நீ வாயத் தொறக்காத."

அந்தக் கிறிஸ்துமஸுக்கு ராஜா பூப்போட்ட போர்வையில் வந்தார். "ராஜா இப்பதான் தூங்கி எழுந்தாரு" என்று பின்னாலிருந்து ஒருவர் குரல் கொடுத்தார். "என் ராஜ்யத்தில் குளிர் ஜாஸ்தி" என்று சிம்மாசனத்திலிருந்து பதில் வந்தது. மறு ஆண்டும் அதே போர்வை. இரண்டு முறையும் என்னை வீட்டில் இருக்க விடவில்லை. வசனத் தாளைக் கையில் கொடுத்து, யாராவது மறந்தால் எடுத்துக் கொடுக்கச் சொல்லி மேடையின் பக்கவாட்டில் உட்காரவைத்தார். தையல் பற்றி அவர் கேட்டதே இல்லை. ஒருநாள் நானே, "ஏன்ணா ஒண்ணும் கேக்க மாட்டேங்கறீங்க?" என்றேன்.

"கேட்டா வந்துருமா?" என்றார்.

ஜெபராஜ் ஐயாவிடம் அவர் என்ன சொன்னார் என்பது அடக்கத்தன்றுதான் தெரிந்தது. அண்ணனின் மனைவி கிரேஸ் அண்ணி சொன்னார். "வெல்வெட்டு வேர்க்குது, அரிக்குது, நான்தான் வேணாம்னேன், அந்தப் பொண்ணு தச்சுத் தரேன்னுதான் சொல்லுதுன்னு ஐயாகிட்ட சொல்லிட்டு வந்தாரு. ஐயா நல்லா ஏசினாராம். ஏன் இப்டி சொன்னீங்கன்னு நான் கேட்டதுக்கு, அந்தப் பொண்ணுக்கு யாரும் பேஜார் குடுக்கக் கூடாதுன்னாரு."

ஆகவே அது வீம்பு இல்லை. அங்கியைத் தைக்காதவள் நான். எனக்கு மனம் வரவில்லை. அதைவிடப் பெரிய காரணம் ஏதும் என்னிடம் இல்லை. இன்னும் வரவில்லை. இந்த டிசம்பரில் யாராவது கேட்டால் இதையே நேராகச் சொல்வேன்.

பேச்சோடு பேச்சாக அண்ணியிடம், அண்ணன் கடைசி இரண்டு நாடகங்களிலும் வசனம் மறந்து திணறியதைச் சொன்னேன். ஒவ்வொரு முறையும் என் பக்கம் திரும்புவார், நான் எடுத்துக் கொடுப்பேன், பிறகே தொடர்வார்.

அண்ணி என்னை ஒரு மாதிரி பார்த்தார். "அவரா மறந்தாரு? வருஷம் பூரா குளிக்கும்போது சொல்ற வசனம். எனக்கே மனப்பாடம்."

எல்லோருக்கும் எதிரில், போர்வையைப் பிடித்துக்கொண்டு, தெரிந்த வரிக்காக என் முகம் பார்த்து நின்றாரே, அந்த நேரத்தை நான் வைத்துக்கொள்கிறேன்.