கிரேக்கத் தேவிக்கு ஒரு செவ்வரத்தம்பூ

என் பேத்தி மாயாவுக்குப் பதின்மூன்று வயது. பள்ளிக்கூடத்தில் பழைய கிரேக்கரின் கடவுள்களைப் பற்றி எழுதச் சொல்லியிருந்தார்கள். மகனுக்கும் மருமகளுக்கும் சனிக்கிழமையும் வேலை. அதனால் போன மாதம் நானே அவளை சிற்றியில் இருக்கிற அருங்காட்சியகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள்தான். ஆனாலும் நாங்கள் இருக்கிற கிரான்பர்னில் ரயில் ஏறி இறங்க எனக்கு யாருடைய துணையும் வேண்டாம்.

காலை 9.10க்கு ரயில். சுமார் நாற்பத்தைந்து கிலோமீற்றர், ஒன்றேகால் மணி நேரம். வழியில் மாயா டிமீற்றர் என்ற தானியத் தேவியின் கதையைச் சொன்னாள். பாதாள ராசா அவளுடைய மகளைத் தூக்கிக்கொண்டு போக, தாய்க்காரி பயிர்பச்சை ஒன்றும் முளைக்க விடவில்லையாம்.

"வயிறெரிஞ்சவள் வேறென்ன செய்வாள்?" என்றேன்.

"அப்பம்மா, இது மித். உண்மை இல்லை."

கைப்பையில் ஒரு செவ்வரத்தம்பூ வைத்திருந்தேன். எந்த ஊர்க் கடவுளானால் என்ன, பார்க்கப் போகும்போது வெறுங்கையோடு போய்ப் பழக்கமில்லை.

நுழைவு முதியோருக்கு இருபத்திரண்டு டொலர், பிள்ளைகளுக்குப் பத்து. காசு நான் கொடுத்தேன். இரண்டு டிக்கெட்டும் மாயாவின் போனுக்கு வந்தன.

மண்டபம் பெரியது, குளிர் அதிகம், சுவெட்டர் அவசியம். இடி பிடித்த பெரிய கடவுள், கடல் கடவுள், கவசம் போட்ட தேவி எல்லாரும் வெள்ளைக் கல்லில். ஒருவருக்கு மூக்கில்லை, ஒருவருக்குத் தலையே இல்லை. கடைசி மூலையில் ஒரு கை உடைந்த அம்மாள். மற்றக் கையில் தானியக் கதிர். எழுத்து வாசிக்காமலே ஆளைத் தெரிந்துவிட்டது. சப்பாத்தைக் கழற்றி ஓரமாக வைத்து, பூவைக் காலடியில் வைத்துக் கும்பிட்டேன்.

காவலுக்கு நின்ற பெண் ஓடிவந்தாள். பூவை எடுத்துக் கையில் தந்து, சப்பாத்தைப் போடச் சொல்லி, டிக்கெட்டைக் கேட்டாள். நான் மாயாவைக் காட்டினேன். அவள் நாலு அடி தள்ளி, அங்கே கண்ட வகுப்புத் தோழிகள் இருவரோடு நின்றாள்.

"ஷி இஸ் நொட் வித் மீ," என்றாள்.

பதினாறு வருடமாக இந்த நாட்டில் இருக்கிறேன். அந்த ஐந்து சொல் எனக்கு விளங்காதா? டிக்கெட் இல்லாத கிழவியென்று வாசல்வரை கொண்டுவந்து விட்டார்கள். பூவைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு வெளியே நின்றேன்.

இருபது நிமிடம் கழித்து மாயா வந்தாள்.

"சொறி அப்பம்மா. அவையள் எல்லாம் பாத்துக்கொண்டு நிண்டவை."

"அப்பம்மா எண்டு சொல்ல வாய் வரேல்லையோ?"

"யூ டோன்ற் அண்டர்ஸ்டாண்ட்."

பக்கத்துக் கடையில் தேநீர் ஐந்து டொலர் ஐம்பது சதம். வெறும் சுடுதண்ணீர். ரயிலில் நான் ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம்.

ஞாயிறு மாலை எழுதி முடித்ததைத் தகப்பனுக்குத் தமிழில் வாசித்துக் காட்டினாள். கிரேக்கர் தேவிக்குப் பூமாலை சாத்துவார்களாம், பால் ஊற்றுவார்களாம். சில கோயில்களுக்குள் வெறுங்காலோடுதான் போகவேண்டுமாம். எல்லாம் அந்தச் சிலைக்குப் பக்கத்திலேயே எழுதியிருந்ததாம்.

"கெட்டிக்காரி!" என்றான் மகன். "அம்மா, கேட்டனீங்களோ?"

"ஓம், கேட்டனான்."

மாயா என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

அங்கே அந்தத் தேவிக்குக் காவலுக்கு ஆள் உண்டு, விளக்கு உண்டு, கும்பிடத்தான் ஒருவரும் இல்லை. சுவரில் எழுதினால் படிப்பு, நான் செய்தால் வெட்கம்.

போக நினைக்கிறவர்களுக்கு: பத்தரைக்கு முன் போனால் கூட்டம் குறைவு. உள்ளே இருக்கக் கதிரைகள் போதாது. பூ கொண்டுபோக வேண்டாம். பேரப்பிள்ளைகளோடு போகிறவர்கள் உங்கள் டிக்கெட்டைக் கடதாசியில் எடுத்து உங்கள் கையிலேயே வைத்திருங்கள்.